தலைக்கணக்கும் கர்ப்பப்பையும்

'சனம் பெருத்துப் போச்சு, பூமி தாங்காது' என்கிற பேச்சு டீக்கடையிலிருந்து சர்வதேச மாநாடுகள் வரை ஒரே குரலில் ஒலிக்கிறது. அணு உலையை எதிர்க்கிற, ஆற்றுமணல் கொள்ளையை எதிர்க்கிற நம் தோழர்களின் துண்டறிக்கைகளில்கூட கடைசிப் பத்தியில் 'மக்கள்தொகைப் பெருக்கம்' ஒரு காரணமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை என்கிற அளவுக்கு அது பொதுப்புத்தியாகிவிட்டது. ஒன்று பொதுப்புத்தி ஆகிவிட்டால் அதைச் சந்தேகிப்பதுதான் நம் முதல் வேலை. பூமிக்கு எல்லை உண்டா? உண்டு. அதில் சண்டை இல்லை. அந்த எல்லையைக் காட்டி யார் உடம்பில் கை வைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

1

பால் எர்லிக்கின் 'மக்கள்தொகைக் குண்டு' 1968இல் வெளிவந்து இலட்சக்கணக்கில் விற்றது. அதை எழுதியதில் அவர் மனைவி ஆன் எர்லிக்குக்கும் பங்கு உண்டு. ஆனால் அட்டையில் அவர் பெயர் இல்லை; ஒரே ஆசிரியர் பெயர் போதும் என்று பதிப்பகம் சொல்லிவிட்டது. கர்ப்பப்பையைப் பற்றிய நூலிலிருந்தே பெண்ணின் பெயர் காணாமல் போனதை இப்போதைக்குக் குறித்துக்கொள்வோம்.

நூல் டெல்லியில், ஒரு வெக்கையான இரவில், டாக்ஸிக்குள் தொடங்குகிறது. ஜன்னலுக்கு வெளியே எங்கு பார்த்தாலும் ஆட்கள். தின்கிறார்கள், குளிக்கிறார்கள், தூங்குகிறார்கள், பிச்சை கேட்கிறார்கள். மக்கள்தொகை மிகுதி என்றால் என்ன என்பது அந்த இரவில்தான் உணர்வாகத் தனக்கு உறைத்தது என்கிறார் எர்லிக். சரி, கணக்கைப் பார்ப்போம். 1961 கணக்கெடுப்பில் டெல்லியின் மக்கள்தொகை சுமார் 26 இலட்சம். 1960இல் நியூயார்க் நகரத்தில் ஏறத்தாழ 78 இலட்சம். நியூயார்க்கில் வராத பயம் டெல்லியில் ஏன் வந்தது? அவர் பார்த்தது எண்ணிக்கையை அல்ல, வறுமையை. கூரை இல்லாததால் தெருவில் நடக்கிற வாழ்க்கையை. அதற்கு அவர் வைத்த பெயர்தான் மக்கள்தொகை.

எழுபதுகளில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்று அந்த நூல் ஆரூடம் சொன்னது. அந்த அளவில் அது நடக்கவில்லை. அன்று சுமார் 350 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை நவம்பர் 2022இல் 800 கோடியைத் தொட்டது. ஆனால் அன்று ஆண்டுக்கு 2 சதவீதமாக இருந்த வளர்ச்சி வேகம் இன்று 1 சதவீதத்துக்கும் கீழே. பஞ்சங்கள் வராமல் இல்லை, வந்தன. வங்கதேசத்தில் 1974இல் வந்தது. முன்பின் ஆண்டுகளைவிட அந்த ஆண்டில் தலைக்குக் கிடைக்கக்கூடிய உணவு அதிகமாகவே இருந்தது என்பதை அமர்த்தியா சென் 1981இல் காட்டினார். தானியம் இருந்தது. வாங்கக் கூலிக்காரன் கையில் காசு இல்லை.

இது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. பெருக்கம் பற்றிய தன் கட்டுரையை 1798இல் வெளியிட்ட மால்தஸ், 1805 முதல் சாகும்வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் பேராசிரியர். இந்தியாவை ஆள வந்த அதிகாரிகள் அங்கே படித்தவர்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் செத்தபோது, நிவாரண வேலை செய்தவர்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. 'தொகை பெருத்ததால் சாகிறார்கள்' என்று சொல்லிவிட்டால் கப்பலில் ஏறிப்போன மூட்டைகளைப் பற்றிப் பேச வேண்டியதில்லை பாருங்கள்.

2

சொல்லாடல் புத்தகத்தோடு நிற்பதில்லை, அது கத்தி பிடிக்கும். நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்கிற ஒரே ஆண்டில் இந்தியாவில் சுமார் 82 இலட்சம் பேருக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். அதில் முக்கால் பங்கு ஆண்கள். ஆசிரியருக்கு, அலுவலருக்கு எல்லாம் 'ஆள் பிடிக்கும்' இலக்கு. 1977 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது. அரசு அதிலிருந்து கற்ற பாடம், ஆண் உடம்பைத் தொட்டால் ஆட்சி போகும் என்பது மட்டும்தான். அதன்பின் கத்தி முழுசாகப் பெண் பக்கம் திரும்பியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மணமான பெண்களில் சுமார் 38 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடை 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு பாதிக்கும் மேல். நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற 'குடும்பநலச் சாதனை' யார் வயிற்றின் மேல் எழுதப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நவம்பர் 2014இல் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில், சில மணிநேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் அறுவை செய்தார். அங்கும் அடுத்து நடந்த முகாமிலுமாகச் சேர்த்து 13 பெண்கள் இறந்தார்கள். எல்லாரும் ஏழைகள். இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2016 ஆயிற்று. 'பூமி தாங்காது' என்ற வாக்கியம் கடைசியில் போய் இறங்கிய இடம் அந்தப் பெண்களின் உடம்பு.

3

'அப்ப எல்லையே இல்லைங்கிறியா?' என்று தோழர்கள் கேட்கக்கூடும். அப்படிச் சொன்னவர் ஜூலியன் சைமன். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் என்று ஐந்து உலோகங்களின் விலை பத்தாண்டில் ஏறுமா இறங்குமா என்று 1980இல் அவரும் எர்லிக்கும் பந்தயம் கட்டினார்கள். 1990இல் சைமன் ஜெயித்தார். சந்தைக்காரர்கள் இன்றுவரை கொண்டாடுகிற வெற்றி அது. ஆனால் உலோகத்துக்குச் சந்தையில் விலை உண்டு, காற்றுமண்டலத்துக்கு இல்லை. அது நிரம்பியதை எந்த விலைப்பட்டியலும் சொல்லாது. எர்லிக் தலைகளை எண்ணினார், சைமன் விலையை எண்ணினார். யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதை இருவருமே அந்தப் பந்தயத்துக்கு வெளியே விட்டுவிட்டார்கள்.

எர்லிக்கும் ஜான் ஹோல்ட்ரெனும் எழுபதுகளின் தொடக்கத்தில் உருவாக்கிய சூத்திரத்திலேயே மூன்று காரணிகள் உண்டு: தொகை, தலைக்கான நுகர்வு, தொழில்நுட்பம். மூன்றையும் பெருக்கினால் சுற்றுச்சூழல் மீதான சுமை. கணக்குப்படி மூன்றில் எதைக் குறைத்தாலும் சுமை குறையும். ஆனால் அரசியல் எப்போதும் முதலாவதைத்தான் கையில் எடுக்கிறது. ஏன்? நுகர்வைக் குறைக்கச் சொன்னால் முதலாளி கோபிப்பார், கருவைக் குறைக்கச் சொன்னால் கோபிக்க யார் இருக்கிறார்கள்? ஒரு அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவை வெளியேற்றுகிறார், ஒரு இந்தியர் சுமார் 2 டன். உலகின் பணக்காரப் பத்து சதவீதத்தினர் மொத்த வெளியேற்றத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பொறுப்பு. அந்த 2 டன்னும் ஒரு சராசரிதான். அதற்குள் கார் வைத்திருக்கிறவரும் இருக்கிறார், சுள்ளி பொறுக்குகிறவளும் இருக்கிறாள். 'இந்தியர்' என்று மொத்தமாகச் சொல்லி நம்மூர்ப் பணக்காரரும் அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியும்.

4

இப்போது காற்று திசை மாறுகிறது. 1976இல் 42ஆவது திருத்தம் மக்களவைத் தொகுதிகளின் பங்கீட்டை 1971 கணக்கெடுப்போடு உறையவைத்தது. 2002இல் நடைமுறைக்கு வந்த 84ஆவது திருத்தம் அந்த உறைவை 2026க்குப் பிறகான முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. பிள்ளைப்பேற்றைக் குறைத்த மாநிலங்களுக்கு இடங்கள் குறையும் என்கிற அச்சம் நியாயமானது. அது கூட்டாட்சிப் பிரச்சினை, தில்லியோடு போராடித் தீர்க்க வேண்டியது. ஆனால் என்ன நடந்தது? அக்டோபர் 2024இல் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகம் பிள்ளை பெறச் சொன்னார். இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற அங்கிருந்த பழைய சட்டம் அடுத்த மாதமே நீக்கப்பட்டது. அதே அக்டோபரில் நம் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒரு திருமண மேடையில் பதினாறு செல்வங்கள் என்ற வாழ்த்தை நினைவூட்டி, பதினாறு பிள்ளை என்று பேசினார்.

விளையாட்டாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் நேற்று 'நிறுத்து' என்றவர்களும் இன்று 'பெறு' என்கிறவர்களும் ஒரே இடத்தில் நின்றுதான் பேசுகிறார்கள். முன்பு தேசத்தின் சோற்றுப்பானைக்காக, இப்போது மாநிலத்தின் நாற்காலிக்காக. இரண்டிலும் கர்ப்பப்பை பொதுச்சொத்து. ஒன்பது மாதம் சுமக்கிறவளின் சம்மதம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

1930இலேயே பெரியார் 'கர்ப்ப ஆட்சி' பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டைக் கறாராகக் காட்டினார். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காக, குடும்பச் சொத்துக்காக, தாயின் உடல்நலத்துக்காகக் கருத்தடை கேட்கிறார்கள். தான் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்றார். நாடும் சொத்தும் காரணமாக இருந்தால், நாட்டுக்குத் தேவை மாறும்போது அதே கை கருத்தடையைப் பிடுங்கவும் செய்யும். விடுதலை காரணமாக இருந்தால் பெறுவதும் மறுப்பதும் அவள் முடிவு. திராவிட மேடையிலிருந்தே பதினாறு கேட்கப்படும்போது இதை யார் யாருக்கு நினைவூட்டுவது?

தோழர்கள் அடுத்த துண்டறிக்கை எழுதும்போது அந்தக் கடைசிப் பத்தியை எடுத்துவிடட்டும். அந்த இடத்தில் யார் ஆழ்துளை போட்டு எத்தனை லிட்டர் உறிஞ்சுகிறார்கள் என்று எழுதுங்கள். இன்னும் இடம் இருந்தால், ஊரில் அறுவை செய்துகொண்ட பத்துப் பெண்களிடம் போய், 'நீங்களா முடிவு செஞ்சீங்க?' என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே போடுங்கள்.