மூளைப் படமும் முந்திக்கொண்ட முடிவும்

பெண்கள் பேசும்போது மூளையின் இரு பாதிகளும் இயங்குகின்றன, ஆண்களுக்கோ இடப்பாதி மட்டுமே இயங்குகிறது என்று படித்திருப்பீர்கள். இக்கருத்து பரவியதற்கு 1995-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு கட்டுரை முக்கிய காரணம். அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஷேவிட்ஸ் தம்பதியரும் அவர்தம் குழுவினரும் எழுதியது அது.

அவர்கள் சோதித்தது 19 ஆண்களையும் 19 பெண்களையும். பொருளற்ற இரு சொற்களைக் காட்டி, அவை ஒரே ஓசையில் முடிகின்றனவா என்று கேட்டார்கள். (நம் யாப்பில் இயைபு என்கிறோமே, ஏறக்குறைய அது.) அந்நேரத்தில் மூளையில் இரத்த ஓட்டம் எங்கே மிகுகிறது என்பதைக் காந்த ஒத்ததிர்வுக் கருவி பதிவு செய்தது. ஆண்களிடம் முன்மூளையின் இடப்புறமும், பெண்களிடம் இருபுறமும் செயல்பட்டதாகத் தெரிந்தது.

சோதனையில் குறையில்லை. ஆனால் இருபுறச் செயல்பாடு தெளிவாகத் தெரிந்தது 19 பெண்களில் 11 பேரிடந்தான். மற்ற எட்டுப் பேர் செய்தித்தாள்களில் காணாமற் போனார்கள்! மேலும், இயைபு காண்பது மொழியின் ஒரு சிறு கூறு. அதை வைத்து 'மொழி' முழுவதையும் அளந்துவிட முடியுமா? படத்தில் ஒளிரும் புள்ளிகளும் நேரே எடுத்த புகைப்படம் அல்ல. இரு நிலைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, ஓர் எல்லைக்கோட்டுக்கு மேற்பட்டதை மட்டும் வண்ணத்தில் காட்டுகிறார்கள். கோட்டைச் சற்று நகர்த்தினால் படமும் மாறும்.

1999-இல் வேறொரு குழு 50 ஆண்களையும் 50 பெண்களையும் சோதித்தது. இரு பாலாரிடமும் மொழி பெரும்பாலும் இடப்பக்கமே சார்ந்திருந்தது. 2004-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஐரிஸ் சோமர் குழுவினர் அதுவரை வந்த 14 ஆய்வுகளைத் தொகுத்து, 377 ஆண்கள், 442 பெண்களின் முடிவுகளை ஆராய்ந்தனர். குறிப்பிடத்தக்க பால் வேறுபாடு தென்படவில்லை. வேறுபாடு கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் சிறு எண்ணிக்கையினரை வைத்துச் செய்தவை. சிறு குழுவில் தற்செயல் ஏற்றத்தாழ்வு மிகுதி என்பது புள்ளியியலின் பாலபாடம்.

உண்மையில் கைப்பழக்கம் இதைவிடத் தெளிவான வேறுபாட்டைத் தருகிறது. வலக்கையரில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு மொழி இடப்பாதியில் அமைகிறது. இடக்கையரில் சுமார் 70 விழுக்காடுதான். இடக்கையருக்குத் தனிப் பள்ளி வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் 2000-க்குப் பின் பல பள்ளிகள் மூளை வேறுபாட்டைக் காரணங்காட்டி, சிறுவர், சிறுமியரைத் தனித்தனி வகுப்புகளில் அமர்த்தின. இதற்கு அறிவியல் ஆதாரமில்லை என்று 2011-இல் 'சயின்ஸ்' இதழில் எட்டு அறிஞர்கள் எழுத வேண்டியிருந்தது.