எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் நல்ல ஆசானா?

பதினாறு வயதிலேயே கார் ஓட்ட உரிமம் கிடைக்கும் நாடு அமெரிக்கா. பெரும்பாலான மாநிலங்களில் அந்த வயதை எட்டிய பிள்ளை, சில கட்டுப்பாடுகளுடன், தனியே காரை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்துவிடலாம். ஆகவே, "பிள்ளைக்கு முதல் காராக எதைக் கொடுப்பது?" என்னும் கேள்வி அங்கே வீட்டுக்கு வீடு எழுகிறது. கார்ப் பிரியர்கள் இதற்குத் தரும் விடைகளுள் ஒன்று சற்று விந்தையானது. எடை குறைந்த, இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுங்கள் என்பதே அது. அவர்கள் சுட்டிக்காட்டும் காரும் பெரும்பாலும் ஒன்றுதான். ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989-இல் சிக்காகோ கார்க் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்-5 அது, அமெரிக்கர் அதை மியாட்டா என்பர். இந்த விடையில் அறிவியல் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்பதை ஆராய்ந்து பார்ப்போம்.

காருக்குச் சேரவேண்டிய பாராட்டை முதலில் கொடுத்துவிடுவோம். 1960-களில் இங்கிலாந்தின் லோட்டஸ் எலான் போன்ற சிறு கார்கள் காட்டிய வழியில், நம்பகமான எஞ்சினுடனும் மழை ஒழுகாத கூரையுடனும் செய்யப்பட்ட கார் இது. முதல் தலைமுறையின் எடை ஏறத்தாழ 950 கிலோகிராம். அமெரிக்காவில் விற்ற தொடக்க வகையில் 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன். எஞ்சின் முன்னே இருக்க, பின்சக்கரங்கள் வண்டியை உந்தித் தள்ளும். எடை இரு அச்சுகளுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. குதிரையும் அதன் மேலிருப்பவனும் ஓருடல் ஆதல் வேண்டும் என்னும் ஜப்பானியச் சொல்லாட்சியை வடிவமைத்தோர் குறிக்கோளாகக் கொண்டனர். 2016-இல் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. மிக நல்ல கார் என்பதில் ஐயமில்லை. யாருக்கு நல்லது என்பதே வினா.

"எடை குறைவு, அதனால் சட்டென்று நிற்கும், வளைவில் தரையைப் பற்றிக்கொண்டு போகும்" என்பது அவர்களுடைய முதல் வாதம். பள்ளியில் படித்த இயற்பியல் இதற்குப் போதும். பிரேக் போடும்போது காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வு விசை. அந்த விசை காரின் எடைக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. நிறுத்தவேண்டிய நிறையும் அதே விகிதத்தில்தான் கூடுகிறது. ஆகவே கணக்கில் நிறை அடிபட்டுப் போகிறது! மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், உராய்வு எண் 0.7 என்று கொண்டால், 950 கிலோ காரும் 1900 கிலோ காரும் சுமார் 20 மீட்டரில் நிற்கும். வளைவிலும் இதே கதைதான். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில், உராய்வு எண் 0.8 ஆக உள்ள உலர்ந்த சாலையில், எந்தக் காரும் மணிக்குச் சுமார் 71 கிலோமீட்டர் வரையில் தாக்குப்பிடிக்கலாம். மழையில் அந்த எண் 0.4 ஆகக் குறைந்தால் எல்லை 50 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். நல்ல டயரும் நல்ல சஸ்பென்ஷனும் இந்த எண்களைச் சற்று மாற்றக்கூடும். எடைக் குறைவு மட்டும் அதைச் செய்துவிடாது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். குறுக்கே வரும் சைக்கிளைப் புதிய ஓட்டுநர் ஒரு நொடி தாமதமாகக் கவனித்தால், பிரேக்கில் கால் படுமுன்னரே 17 மீட்டர் போய்விடும். அந்த இழப்பை எந்தப் பிரேக்காலும் ஈடுகட்ட இயலாது. இளம் ஓட்டுநர்களின் விபத்துகளில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்ததே. பார்க்கவேண்டியதைப் பார்க்காமை, சாலைக்கு ஒவ்வாத வேகம், கவனச் சிதறல் ஆகியவையே காரணங்கள். கையின் திறமைக் குறைவு அன்று.

சரி, எடைக் குறைவால் பயனே இல்லையா? உண்டு. எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் சுழற்றுவதற்கும் பலாப்பழத்தைச் சுழற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள். சிறிய, எடை குறைந்த கார் ஸ்டியரிங்கின் சிறு அசைவுக்கும் உடனே திரும்பும். டயர் வழுக்கத் தொடங்குவதைக் கைகளே உணர்ந்துகொள்ளும். தேர்ந்தவருக்கு இது பேரின்பம். ஆனால் விரைவாகக் கீழ்ப்படியும் வண்டி, தவறான கட்டளைக்கும் விரைவாகவே கீழ்ப்படியும்.

மழையில் நனைந்த வளைவொன்றில் பதினேழு வயது இளைஞர் சற்று அதிக வேகத்தில் நுழைந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அச்சத்தில் அவர் செய்வது ஒன்றே: ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பார். உடனே சுமை முன்சக்கரங்களுக்கு மாறும். பின்டயர்கள் பிடிப்பை இழக்கும். முன்சக்கரங்கள் இழுக்கும் சாதாரணக் குடும்பக் கார் பெரும்பாலும் மூக்கு வெளிப்பக்கமாக ஒதுங்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதில் காலை எடுப்பதே நன்மை செய்யும். நாம் பேசும் காரிலோ, பின்பகுதி வெளியே வீசிச் சுழலக்கூடும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் அளவறிந்து திருப்பி மீட்கவேண்டும். அதற்குக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவு. இயற்கையான அச்சமே தவறான விடையாகிவிடும் ஒரு வண்டியைத் தொடக்கக்காரருக்குக் கொடுப்பது நல்ல ஆசிரியர் செய்யும் காரியம் அன்று.

"அதனால்தான் கற்றுக்கொள்வார்" என்று அவர்கள் விடமாட்டார்கள். கேட்க நன்றாயிருக்கும் இந்த வாதத்துக்கு எதிரான சான்று, ஸ்போர்ட்ஸ் கார்களோடு தொடர்பே இல்லாத நார்வேயிலிருந்து வருகிறது. அங்கே 1979-இல் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. பனிநாட்டில் இதைவிட அறிவார்ந்த ஏற்பாடு வேறென்ன இருக்கமுடியும்? ஆனால் பின்னர் 1980-களில் ஆராய்ந்தபோது, இளம் ஆண்களிடம் வழுக்குச் சாலை விபத்துகள் குறையவில்லை, கூடியிருந்தன. வழுக்கினால் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை, பெற்ற திறமையை விஞ்சி வளர்ந்ததே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். குறுகிய பயிற்சியே இப்படி நம்பிக்கையை ஊதிப் பெருக்குமானால், நாள்தோறும் "நீ கெட்டிக்காரன்" என்று முதுகில் தட்டிக்கொடுக்கும் கார் என்ன செய்யும்?

இனி மோதல். இங்கேதான் நிறை அடிபடாமல் கணக்கில் நிற்கிறது. 1000 கிலோ காரும் 2000 கிலோ காரும், இரண்டும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்வதாகக் கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி, மோதிய பின் இரண்டும் கனமான காரின் திசையில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். கனமான காருக்கு நேர்ந்த வேக மாற்றம் 33 கிலோமீட்டர். இலேசான காருக்கு 67! பெல்ட்டும் காற்றுப்பையும் இந்த அதிர்ச்சியைத் தணிக்கும், விகிதத்தை மாற்றா. அமெரிக்காவில் 16 முதல் 19 வயது வரையுள்ளோர் ஓட்டும் தொலைவுக்கு ஏற்பக் கணக்கிட்டால், உயிரிழப்பு விபத்து விகிதம் 20 வயதும் அதற்கு மேலும் உள்ளோரினுடையதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மோதும் வாய்ப்பு மிக்கவரை, மோதினால் மிகுதியாக அடிபடும் வண்டியில் உட்காரவைப்பதை எப்படி நியாயப்படுத்துவது?

இரண்டே இருக்கை என்பது மட்டும் கனமான வாதம். பின்னிருக்கையில் நண்பர் கூட்டம் சேரச் சேர இளம் ஓட்டுநரின் விபத்து வாய்ப்பு ஏறுகிறது என்பது உறுதிப்பட்ட செய்தி. நியூசிலாந்து 1987-இல் தொடங்கிய படிப்படியான உரிம முறையும், அதைப் பின்பற்றிப் புளோரிடா 1996 முதல் கொண்டுவந்த முறையும், புதியவர்களின் சுதந்திரத்தைச் சிறிது சிறிதாகத் திறந்துவிடுகின்றன. நியூசிலாந்துச் சட்டம் இரவுப் பயணத்துக்கும் உடன்வருவோருக்கும் வரம்பு விதித்தது. சட்டம் செய்வதைக் கார் தன் உடலமைப்பாலேயே செய்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் ஓர் இருக்கை மீதமுள்ளது. ஊக்கிவிட ஒரு நண்பர் போதாதா?

அப்படியானால் மிகப் பெரிய வண்டியை வாங்கலாமா என்றால், அதுவும் பிழையே. உயரமான ஜீப் வகை வண்டிகளின் புவியீர்ப்பு மையம் மேலே இருப்பதால் அவை கவிழும் வாய்ப்பு அதிகம். தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் இவ்வகையில் மேலானது. தவிர, மேலே கண்ட கணக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். நம் பிள்ளையின் பாதுகாப்புக்காக வாங்கும் ஒவ்வொரு கூடுதல் கிலோவும் எதிரே வரும் வீட்டுப் பிள்ளையின் மீது இறங்குகிறது. தேவையற்ற குதிரைத்திறன் இல்லாத, நடுத்தர எடையுள்ள, மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு பொருத்திய குடும்பக் காரே தகும். கார் சுழலத் தொடங்கியதும் ஏதேனும் ஒரு சக்கரத்தின் பிரேக்கைத் தானே இயக்கி நேராக்கும் அமைப்பு அது. ஒற்றை வாகன உயிரிழப்பு விபத்துகளை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாகக் கண்டுள்ளனர். 2012-ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் எல்லாப் புதிய கார்களிலும் அது கட்டாயம்.

1989-இன் மியாட்டாவில் அது இல்லை. நெடுங்காலம் பழைய வண்டிகளின் சந்தையில் மலிவாகக் கிடைத்து, இளைஞர்களுக்கென்று பரிந்துரைக்கப்பட்டதும் அந்தப் பழைய தலைமுறைதான். காரை நேசிக்கும் இளைஞருக்கு என் விடை இது: கட்டுப்பாட்டு உரிமக் காலம் முழுவதும் குடும்பக் கார்; இரண்டு மழைக்காலங்களேனும் விபத்தின்றிக் கழிந்தபின், நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள பிந்திய மியாட்டா. அந்த அமைப்பை நிறுத்திவைக்க அதில் ஒரு பொத்தானும் உண்டு. பந்தயத் திடலில் அதை அழுத்திப் பார்க்கட்டும், சாலையில் வேண்டாம்.