சூரைச்செடியின் கீழ் நடந்த பராமரிப்பு

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிப்போர் பெரும்பாலும் ஓரேப் மலைக்கே விரைகின்றனர். சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிய எலியாவோ விசுவாசம் தளர்ந்தவர் என்று கடிந்துகொள்ளப்படுகிறார். இவ்விளக்கம் வேதபகுதியோடு பொருந்தவில்லை.

தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பினான், அடையும் தண்ணீரும் தந்தான், மீண்டும் உறங்கவிட்டான், இரண்டாம் முறையும் வந்தான். வழி நெடியது என்று அவருடைய இயலாமையையும் ஏற்றுக்கொண்டான். கேள்வி பிறந்தது ஓரேபிலேதான்.

மனச்சோர்வுற்றோரிடம் செவிலியர் செய்யும் பணியும் இத்தகையதே: உணவையும் உறக்கத்தையும் கவனித்தல், அடிக்கடி அருகே வருதல், உயிருக்கு ஊறு செய்யும் பொருள்களை அகற்றுதல். ஆயினும் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. தூதன் வினவவில்லை; செவிலியரோ தற்கொலை எண்ணம் உண்டா என்று கனிவுடன் நேராகவே கேட்டறிய வேண்டும். கேட்பதால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. எலியா தம் கையால் உயிரை மாய்க்க முற்படவில்லை என்பது உண்மையே. எனினும் சாவை விரும்புதலும் அபாயக் குறியே. ஊழியக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுத் தனியே சென்றதும் அவ்வாறே.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்தார் என்றே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. சட்டமே இரங்கியிருக்க, பிரசங்கபீடம் தீர்ப்புக் கூறலாமா? மருத்துவமனைக் கட்டிலருகே நிற்கும் ஆயர் முதலில் செவிலியரிடம் கற்கட்டும், பிரசங்கம் காத்திருக்கட்டும்.