தீட்டுக்கு ஒரு புதுப்பெயர்

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலை ஞாபகம் வரும். பராந்தகச் சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டுகள். மக்களாட்சியின் தொட்டில் என்று பாடப்புத்தகம் பெருமைப்படுகிறது. யார் யார் நிற்கக்கூடாது என்று அதே கல்வெட்டு போடுகிற பட்டியலை எந்த வாத்தியாரும் எங்களுக்கு நிறுத்தி வாசித்துக் காட்டியதில்லை. கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். மகாபாதகம் செய்தவன் பேர் குடத்துக்குள் போகாது. அவனுடைய உறவுக்காரன் பேரும் போகாது. கீழானவர்களோடு சேர்ந்து பதிதனானவனுக்கும் இடமில்லை. பாவம் தொட்டால் ஒட்டும், உறவுக்கும் பரவும் என்பதுதான் இதன் தர்க்கம். எய்ட்ஸ் குறித்து நம் திருச்சபைகள் பேசிய பேச்சைக் கட்டுடைத்துப் பார்க்க இதைவிட நல்ல பிரதி எனக்குக் கிடைக்கவில்லை.

சபைக்கு இந்த விஷயத்தில் இரண்டு முகம். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்ற ஆய்வு மாணவி பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். அதைச் சோதிக்க அவர் ரயிலேறிப் போனது வேலூர் சி.எம்.சி.க்கு. இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அப்படித்தான். ஒரு கிறிஸ்தவ மருத்துவமனையின் சோதனைக்கூடத்தில் அது நடந்தது என்பது சபைக்குப் பெருமைதான். ஆனால் சோதனைக்கூடத்தில் கிருமியாக இருந்தது, பிரசங்க பீடத்துக்கு வந்ததும் பாவத்தின் சம்பளமாகிவிட்டது. மருத்துவமனை ஒரு மொழி பேசியது, ஆலயம் வேறொரு மொழி பேசியது. இரண்டையும் நடத்துவது ஒரே திருச்சபை!

எங்க தெருவில் ஓர் அக்கா. புருஷன் லாரிக்குப் போனவர். அவர் செத்தப்புறம்தான் அக்காவுக்கும் இருப்பது தெரிந்தது. சபை சும்மா இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அரிசி கொடுத்தது, கம்பளி கொடுத்தது, வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணியது. திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும், "நீ கடைசியா வாம்மா" என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அப்புறம் முன்னால் போவதையே விட்டுவிட்டார். "அரிசி குடுத்தாங்க தம்பி, கிண்ணம் குடுக்கல" என்றார் என்னிடம். சபையின் எய்ட்ஸ் பணி பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது வேறில்லை.

எச்சிலில் எச்.ஐ.வி. பரவாது. ஒரே கிண்ணத்தில் குடித்து யாருக்கும் இந்த நோய் வந்ததாகச் சான்று கிடையாது. அது சபைக்குத் தெரியாததல்ல. வேலூரில் ஒரு டாக்டரைக் கேட்டால் சொல்லுவார். அப்படியானால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அது கிருமியைவிட வயசில் மூத்தது. பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் சாதி கூடாது என்று எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் ஆலயத்தைவிட்டு வெளியேறினார்கள். எங்களோடு ஒரே வரிசையில் உட்கார முடியாது, எங்கள் வாய் பட்ட கிண்ணத்தில் குடிக்க முடியாது என்பதுதான் சண்டை. எய்ட்ஸ் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கிண்ணத்தைக் கண்டு பயப்படப் பழகியது தமிழ்ச் சபை. பழைய தீட்டுக்குப் புதுசாக ஒரு பேர் கிடைத்தது, அவ்வளவுதான். இதில் வேதனை என்னவென்றால், அந்தக் கிண்ணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளான நாமே இன்று இன்னொருத்தியை வெளியே நிறுத்துகிறோம். சேரிச் சபை ஊர்ச் சபையிடம் கற்றுக்கொண்ட பாடம் இது.

நோயின் காரணத்தைத் தேடும்போதும் சபை படுக்கையறையைத் தாண்டவில்லை. இதே செங்கல்பட்டுச் சீமையில் 1890-களில் மிஷனரிகள் வேறு கேள்வி கேட்டார்கள். வில்லியம் கௌடியும் ஆடம் ஆண்ட்ரூவும் பறையர் ஏன் பட்டினி கிடக்கிறார்கள் என்று பார்த்து, நிலமில்லாததால் என்று சொன்னார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையும் அதையே சொல்ல, பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலமெல்லாம் கைமாறிப்போன பிறகு எங்க ஆம்பிளைங்க லாரிக்கும் செங்கல் சூளைக்கும் மாசக்கணக்கில் வெளியூர் போனார்கள். வழியோரத்தில் வாங்கிய நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பசிக்கு நிலத்தில் காரணம் தேடத் தெரிந்த சபை, எய்ட்ஸுக்கு மட்டும் ஒழுக்கத்தில் காரணம் தேடியது ஏன்?

ஒருவனுக்கு ஒருத்தி என்ற போதனையும் அப்படித்தான். அந்தக் கற்பை அக்கா ஒரு நாளும் மீறவில்லை. 2003-இல் சுவரெல்லாம் புள்ளிராஜா விளம்பரம் வந்தது. டீக்கடையில் அந்தப் பேச்சு அடிபட்டது, நல்லதுதான். ஆனால் புள்ளிராஜாவின் பெண்டாட்டி பற்றி யார் பேசினார்கள்? அதை அந்தப் பெண்களேதான் முன்பே பேசியிருந்தார்கள். கணவர் மூலம் தொற்றுக்கு ஆளான நாமக்கல் கௌசல்யாவும் தோழிகளும் 1998-இல் சென்னையில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கென்றே தனி அமைப்பைத் தொடங்கினார்கள். பிரசங்க பீடம் செய்யாத வேலை அது.

சபையின் கையில் இருக்கும் வேதமோ இதற்கெல்லாம் எதிராகப் பேசுகிறது. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டுமில்லை என்றார் இயேசு. உத்திரமேரூர்க் கல்வெட்டின் தர்க்கத்தை அவர் ஒரே வார்த்தையில் உடைக்கிறார். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கில் கிடந்த பெண் கூட்டத்துக்குள் புகுந்து அவர் துணியைத் தொட்டாள். சட்டப்படி அவள் தொட்டதெல்லாம் தீட்டு. அவரோ எல்லார் முன்னாலும் அவளை மகள் என்று அழைத்தார். உகாண்டாவில் கிதியோன் பியமுகிஷா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 1992-இலேயே தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாக அறிவித்து, குருவாகவே தொடர்ந்தார். நம்ம ஊரில் ஒரு ஐயர் அப்படிச் சொன்னால் அடுத்த ஞாயிறு அவர் கையால் அப்பம் வாங்க எத்தனை பேர் நிற்பார்கள்?

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம்ம பரட்டை அண்ணன், திருவிருந்தை 'ஒரே ஒலை' என்றார். அவரவர் அரிசியை ஒரே பானையில் போட்டுப் பொங்கி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. பந்தியில் இடம் மறுக்கப்பட்டவர்களுக்குத்தான் இந்த இறையியலின் ருசி தெரியும். எய்ட்ஸுக்குச் சபை சொல்ல வேண்டிய பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. இரக்கத்துக்கு ஒரு திட்டம் போட்டு நிதி வாங்கிவிடலாம். பந்திக்கு யாரும் நிதி தரமாட்டார்கள்; பக்கத்தில் இடம்விட்டு நகர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவே.

அக்கா இன்றும் செங்கல்பட்டு போய் ரயிலேறித் தாம்பரம் சானடோரியத்தில் மாத்திரை வாங்கி வருகிறார். அந்த ஆஸ்பத்திரியில் 2004-இல் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியதிலிருந்து இந்த நோயோடு முழு ஆயுசும் வாழலாம் என்றாகிவிட்டது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவில்கூட அது பரவுவதில்லை. ஆகவே சாகப்போகிறவர்களுக்கு ஆறுதல் என்ற பழைய ஊழியம் இனிப் போதாது. வாழ்கிறவர்களுக்கு உரிமை வேண்டும். 2017-இல் நாடாளுமன்றம் இயற்றிய எச்.ஐ.வி. சட்டம், வேலை, படிப்பு, வைத்தியம், குடியிருப்பு மட்டுமல்லாமல் பதவிக்கு நிற்கும் உரிமையையும் இவர்களுக்கு மறுக்கக்கூடாது என்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய குடவோலைப் பட்டியலைச் சட்டம் தாண்டிவிட்டது. சபை தாண்டியதா? அடுத்த சபைக் கமிட்டித் தேர்தலில் அக்கா பேரை முன்மொழிய நான் எழுந்து நிற்கப் போகிறேன். வழிமொழிய யார் எழுகிறார்கள் என்று பார்ப்போம்.