விளிம்பும் காலும்

ஜார்ஜ் நகாஷிமா செய்த மேஜையைப் பார்க்கிறவரின் கண் முதலில் அதன் விளிம்புக்குத்தான் போகும். வழக்கமாக ரம்பம் நேராக்கிவிடும் இடம் அது. அவரோ பட்டையை உரித்துவிட்டு, மரம் வளர்ந்த வளைவை அப்படியே விட்டுவிட்டார். பலகையில் பிளவு இருந்தால் அதையும் மறைக்கவில்லை. சிறகு விரித்த பட்டாம்பூச்சி வடிவில் ஒரு மரத்துண்டைப் பிளவின் குறுக்கே பதித்தார். இருமுனையும் அகன்று இடை சிறுத்த துண்டு என்பதால், பிளவு மேற்கொண்டு விரியாது. அந்த மராமத்தே மேஜைக்கு அணியாகிவிடுகிறது.

1905இல் அமெரிக்காவின் ஸ்போகேனில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். கற்றது கட்டடக்கலை. டோக்கியோவில் அன்டோனின் ரேமண்டிடம் வேலை பார்த்தபோது, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்ட புதுச்சேரிக்கு வந்தார். காற்று புகும் கான்கிரீட் பட்டிகளையே சுவராகக் கொண்ட அந்தக் கட்டடத்துக்குத் தேக்கில் மேசை நாற்காலிகளையும் வடிவமைத்தார். சுந்தரானந்தா என்று அரவிந்தர் அவருக்குப் பெயர் சூட்டினார்.

போர்க்காலத்தில், 1942இல், ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காகவே, அமெரிக்கா திரும்பியிருந்த அவரையும் மனைவியையும் கைக்குழந்தையையும் ஐடஹோவின் மினிடோகா முகாமில் அடைத்தார்கள். கெண்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரை அங்கேதான் சந்தித்தார். ஜப்பானியக் கைக்கருவிகளும் இணைப்பு முறைகளும் அவரிடம் கற்றவை. ரேமண்டின் முயற்சியால் 1943இல் வெளியே வந்து, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை அமைத்தார்.

அங்கே மரம்தான் முதலில், வரைபடம் பிறகு. அடிமரத்தை எங்கே அறுப்பது என்பதை அவரே நின்று தீர்மானிப்பார். அடுத்தடுத்த பலகைகளை அதே வரிசையில் அடுக்கி உலரவிட்டு, தகுந்த உபயோகம் வரும்வரை காத்திருப்பார். வால்நட் மரத்தின் கரிய வைரமும் வெளிர்ந்த ஓரமும் ஒரே பலகையில் நிற்கும்.

இன்று விளிம்பு சீவாத மேஜைகள் எங்கும் விற்கின்றன. அவற்றில் எனக்குக் குறையாகத் தெரிவது கால்கள். நகாஷிமாவின் கானாய்ட் நாற்காலியைப் பாருங்கள்: இரண்டே கால்கள், தரையில் படுத்த இரு கட்டைகள், முன்னே தாங்கலின்றி நீளும் இருக்கை. ஒரு கட்டடக்காரரின் கணக்கு அது. மேலே மரம் தன் போக்கில் போகலாம். கீழே அவர் இம்மியும் பிசகுவதில்லை. விளிம்புக்கு அழகு தருவது இந்தக் கண்டிப்புதான்.

1986இல் நியூயார்க்கின் புனித ஜான் பேராலயத்துக்கு அமைதி மேஜை செய்து கொடுத்தார். 1990இல் அவர் மறைந்த பிறகு, மகள் மீராவின் பொறுப்பில் உருவான இன்னொன்று 1996இல் ஆரோவில்லுக்கு வந்தது. அங்கே போகிறவர்கள் மேல்பலகையோடு நின்றுவிடாமல், குனிந்து அதைத் தாங்கும் பகுதியையும் பார்க்க வேண்டும்.