பெட்டியும் செல்பேசியும் ஒன்றா?

வெளிநாட்டிலிருந்து வருபவரின் பெட்டியைச் சுங்க அதிகாரி திறந்து பார்ப்பது எங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவில் ஒருவருடைய வீட்டைச் சோதிக்கப் பொதுவாக நீதிபதியின் ஆணை வேண்டும். நாட்டின் எல்லையிலோ ஆணை தேவையில்லை. வழக்கமான சோதனைக்குச் சந்தேகம்கூடத் தேவையில்லை. கடத்தலைத் தடுக்க ஏற்பட்ட இவ்விதியைச் செல்பேசிக்கும் பொருத்துவது சரிதானா?

2005-ல் பிலிப்பைன்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வந்திறங்கிய ஒரு பயணியின் மடிக்கணினியை அதிகாரிகள் சோதித்தார்கள். கணினி மனித நினைவின் நீட்சி போன்றது. ஆகவே நியாயமான சந்தேகம் இருந்தால்தான் அதைச் சோதிக்கலாம் என்றது கீழ் நீதிமன்றம். 9-ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-ல் இதை மாற்றியது. பெட்டியைப் போல மடிக்கணினியும் பயணி கொண்டுவரும் உடைமையே. இரண்டுக்கும் ஒரே விதி என்பது அதன் முடிவு.

அணுவைச் சூரிய மண்டலத்துக்கு ஒப்பிட்டு வகுப்பில் விளக்குகிறோம். தொடக்கத்தில் அது உதவும். அதையே நம்பிக் கணக்குப் போட்டால் விடை தவறிவிடும். பெட்டி உவமையையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

எடை வகுத்த எல்லை

ஒரு பயணப் பெட்டியில் 23 கிலோ கொண்டுபோகலாம் எனக் கொள்வோம். 300 கிராம் எடையுள்ள நூல்களையே அடுக்கினாலும் 76-க்கு மேல் வைக்க முடியாது. இனி செல்பேசிக்கு வருவோம். யூனிகோடு முறையின் யு.டி.எஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு இடம் வேண்டும். பக்கத்துக்கு 1,500 குறிகள் என்றால் 4,500 பைட்டு. 16 ஜிகாபைட்டு என்பது 1,600 கோடி பைட்டு. வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 35 லட்சம் பக்கங்கள்! 300 பக்க நூல்களாகக் கட்டினால் 11,800-க்கு மேல் வரும். அவற்றின் எடை மூன்றரை டன். கொண்டுபோக 150-க்கும் மேற்பட்ட பெட்டிகள் வேண்டும். இவ்வளவும் சட்டைப் பைக்குள் அடங்குகிறது. இன்று பலர் வைத்திருக்கும் செல்பேசியின் கொள்ளளவு இதைப்போல் எட்டு மடங்கு.

பழைய விதி ஓரளவு நியாயமாக இருந்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது. வாழ்நாள் கடிதங்கள், குடும்பப் படங்கள், மருத்துவச் சீட்டுகள், வங்கிக் கணக்குகள் அனைத்தையும் தூக்கிக்கொண்டு யாரும் பயணம் போவதில்லை. சட்டம் எல்லை வகுக்காத இடத்தில் எடை எல்லை வகுத்தது. செல்பேசி வந்ததும் அந்த எல்லை போய்விட்டது. விதி மட்டும் நிற்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தாய்லாந்திலிருந்து வந்த அஞ்சல் உறைகளில் ஹெராயின் கண்டெடுத்த வழக்கில், எல்லையில் உறையைத் திறக்கலாம் என்று 1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் உள்ளிருக்கும் கடிதத்தை ஆணையின்றிப் படிக்க அப்போதைய விதிகள் இடம் தரவில்லை. பொருளைத் தேடுவது வேறு; எழுத்தைப் படிப்பது வேறு. செல்பேசியில் இவ்விரண்டையும் பிரிக்க முடியுமா? அங்கே திறப்பது என்றாலே படிப்பதுதான்.

மூடிய பின்னும் முடியாத சோதனை

பெட்டியை மூடித் தந்துவிட்டால் சோதனை முடிந்தது. செல்பேசியில் உள்ளவற்றைப் படியெடுத்துக்கொண்டால், கருவி உங்களிடம் திரும்பிய பின்னும் சோதனை தொடரலாம். இவ்வாறு எடுக்கப்பட்ட படிகள் அரசின் தகவல் தொகுப்பில் 15 ஆண்டுகள் வைக்கப்படுவதை 2022-ல் செனட்டர் ரான் வைடன் வெளிப்படுத்தினார்.

அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் துறை 2018 ஜனவரியில் ஒரு விதிமுறையை வெளியிட்டது. வெளிக்கருவியை இணைத்துப் படியெடுக்கவோ பகுத்தாராயவோ நியாயமான சந்தேகம், அல்லது தேசப் பாதுகாப்பு பற்றிய கவலை இருக்க வேண்டும் என்றது. பிணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டே சோதிக்க வேண்டும் என்றது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் அதிகாரி கையால் தள்ளித் தள்ளிப் பார்ப்பதற்குச் சந்தேகம் வேண்டாம் என விட்டுவிட்டது. தேடும் வசதியுள்ள கருவியில் ஒரு பெயரைத் தட்டினால் பல ஆண்டுக் கடிதங்கள் நொடியில் வந்து நிற்கும். அந்தரங்கம் வெளிப்படுவதற்குக் கம்பி இணைப்பு தேவையே இல்லை.

குற்றவாளி தப்பிவிட மாட்டானா?

இப்படி நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள் இத்தகைய சோதனைகளில் அகப்பட்டிருப்பது உண்மை. ஆனால் 2007-ல் அரிசோனா எல்லையில் நடந்ததைப் பாருங்கள். ஒரு பயணியின் பழைய தண்டனை அதிகாரிகளை எச்சரித்தது. அவருடைய கணினி சுமார் 270 கிலோமீட்டர் தொலைவிலிருந்த டூசான் நகருக்கு அனுப்பி ஆராயப்பட்டது. இத்தகைய ஆழ்ந்த ஆய்வுக்கு நியாயமான சந்தேகம் வேண்டும் என்று 2013-ல் அதே 9-ஆம் வட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வழக்கில் அத்தகைய சந்தேகம் இருந்தது என்றும் கூறிச் சான்றுகளை ஏற்றது. சந்தேகத்துக்குக் காரணம் கேட்பதால் காவல் பணி நின்றுவிடவில்லை.

2014-ல் உச்ச நீதிமன்றம், கைதானவரின் செல்பேசியைச் சோதிக்கப் பொதுவாக ஆணை வேண்டும் என்றது. செல்பேசியும் சட்டைப் பையிலுள்ள பிற பொருள்களும் ஒன்றே என்பது, குதிரைச் சவாரியும் நிலவுப் பயணமும் ஒன்றே என்பது போலாகும் என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். ஆனால் அத்தீர்ப்பு எல்லைச் சோதனையைப் பற்றியது அன்று. 2018-ல் 11-ஆம் வட்ட நீதிமன்றம், ஆழ்ந்த ஆய்வுக்குக்கூடச் சந்தேகம் வேண்டாம் என்றது. 2021-ல் 1-ஆம் வட்ட நீதிமன்றம் அரசின் விதிமுறையை ஏற்றது. அதன் மீதான முறையீட்டை விசாரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆக, ஒரே நாட்டில் எந்த விமான நிலையத்தில் இறங்குகிறோம் என்பதைப் பொறுத்து உரிமை மாறுகிறது!

2024 நிதியாண்டில் சோதிக்கப்பட்ட கருவிகள் 47,000-க்கு மேல். கோடிக்கணக்கான பயணிகளில் இது சிறு பங்கே என்பார்கள். ஆனால் காரணம் கூறத் தேவையில்லாத சோதனை, மேற்படிப்புக்குச் செல்லும் நம் மாணவர் உட்பட யார் மீதும் விழலாம். எனவே கருவியைத் திறக்குமுன் சந்தேகத்துக்கான காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும். குற்றம் காணாவிட்டால் எடுத்த படிகளைக் குறித்த காலத்தில் அழிக்க வேண்டும். முன்பு எடை செய்துவந்த வேலையை இனிச் சட்டம்தான் செய்தாக வேண்டும்.