செவிக்குரிய நாவல்

அமெரிக்க எழுத்தாளர் வால்ட்டர் மில்லர் இரண்டாம் உலகப் போரில் விமானப் படை வீரராகப் பணியாற்றியவர். 1944 பிப்ரவரியில் புனித ஆசீர்வாதப்பரின் மோன்தே கசினோ துறவுமடம் குண்டுவீச்சில் தகர்ந்தபோது, அத்தாக்குதலில் அவரும் பங்கேற்றிருந்தார். 1947-இல் கத்தோலிக்கரானார். 1959-இல் வெளிவந்த அவரது ‘எ கான்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்’, அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதை 1961-இல் பெற்றது. 1981-இல் அமெரிக்கப் பொது வானொலி அதனைப் பதினைந்து பகுதிகள் கொண்ட நாடகமாக்கியது. இன்று முழு நாவலும் ஒலிநூலாகக் கிடைக்கிறது. கண்ணைவிடச் செவிக்கே உரியது இந்நாவல் என்பது என் துணிபு.

அணுப்போரில் உலகம் அழிந்தபின், வெறிகொண்ட மக்கள் நூல்களையும் கற்றோரையும் எரிக்கின்றனர். எஞ்சிய ஏடுகளைத் துறவிகள் மறைத்து வைக்கின்றனர். சிலர் முழு நூல்களையே மனனம் செய்கின்றனர். ஆறு நூற்றாண்டுகளுக்குப்பின் பிரான்சிஸ் என்னும் இளந்துறவி, மின்பொறியாளராயிருந்து துறவியான லீபோவிட்ஸின் வரைபடம் ஒன்றைக் கண்டெடுக்கிறார். அதன் பொருள் அவருக்கு விளங்கவில்லை. ஆயினும் பதினைந்து ஆண்டுகள் உழைத்து அதனை அழகுறப் படியெடுக்கிறார்.

விளங்காததையும் அன்போடு காப்பதே இக்கதையின் உயிர். நாவலெங்கும் இலத்தீன் தொடர்கள் வருகின்றன. படிப்பவரின் கண் அவற்றைத் தாண்டி ஓடிவிடும். கேட்பவரின் செவிக்கு அவ்வுரிமை இல்லை. பொருள் புரியாவிடினும் ஓசை உள்ளத்தில் தங்குகிறது. நாமும் பிரான்சிஸின் நிலையை அடைகிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முன் இலத்தீன் திருப்பலியில் பங்கேற்ற மூத்தோர்க்கு இவ்வனுபவம் புதிதன்று.

இழப்பும் உண்டு. ஓரிடத்தில் நின்று சிந்திக்க ஒலிநூல் எளிதில் இடந்தருவதில்லை. மில்லரின் நுட்பமான அங்கதம் சில வேளைகளில் கேட்கும் வேகத்தில் நழுவிவிடுகிறது.

ஆனால் இறுதிப் பகுதி அவ்விழப்பை ஈடுசெய்கிறது. கதிர்வீச்சால் துடிக்கும் குழந்தைக்குக் கருணைக் கொலை தகுமா என மடத்துத் தலைவர் செர்க்கியும் மருத்துவரும் வாதிடுகின்றனர். திருச்சபையின் போதனையை அறிந்த நாம், அச்சில் மருத்துவரின் கூற்றை விரைந்து கடந்துவிடக் கூடும். ஒலிநூலில் ஒருவரே இருவருக்கும் குரல் தருகிறார். இருவரின் வேதனையும் ஒரே தொண்டையிலிருந்து எழுகிறது. செர்க்கியின் நம்பிக்கை தளரவில்லை. அவரது சொல்லோ அந்தத் தாயின் துயரைத் தணிக்கவில்லை. துன்புறுவோர்க்குப் பதில் கூறுமுன் அவர்களை இறுதிவரை கேட்க வேண்டும் என்பதைக் கேட்கச் செய்தே உணர்த்துகிறது இந்நாவல்.